கடல் ஒரு பக்கம், கட்டில் ஒரு பக்கம்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் தெற்கே போனால் பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு என்று ஊர்கள் வரும். கிழக்கே உப்பனாறு. அதற்கும் கிழக்கே மணல்மேடு, மீனவக் குப்பங்கள், வங்கக்கடல். குடிகாட்டில் ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்றால் கடற்காற்று முகத்தில் படும் தூரம்தான். ஆனாலும் பள்ளி விடுமுறை விட்டதும் சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கும் உறவுக்காரர்கள் போன் போட்டு, "கடலோரமா குடும்பத்தோட ரெண்டு நாள் தங்கணும், கையைக் கடிக்காத இடம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், இந்தப் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். கடலுக்குக் குறைவில்லை. கடலோரத்தில் நடுத்தரக் குடும்பம் வாடகை கொடுத்துப் படுக்கிற அறைக்குத்தான் பஞ்சம்.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலையானால் சுண்டல், பஜ்ஜி, வறுத்த மீன் என்று கடைகள் களைகட்டும். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும்போது மணல் கண்ணுக்குத் தெரியாது. இருட்டியதும் எல்லோரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை, சாமியார்பேட்டை, புதுக்குப்பம், பரங்கிப்பேட்டை எங்கும் இதே கதைதான். வந்து பார்த்துவிட்டுப் போகும் கடற்கரைகள்.

இத்தனைக்கும் வெளியூர்க்காரர் வந்து தங்குவது இந்தக் கரைக்குப் புதிதில்லை. 1690ல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள கிராமங்கள் எல்லாம் விற்பனையில் சேர்த்தி என்பது ஒப்பந்தம். புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது தென்னாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமே இங்குதான் வந்தது. தெற்கே பரங்கிப்பேட்டையில் போர்த்துகீசியர், டச்சுக்காரர், டேனியர் என்று வரிசையாக வந்து வணிகம் செய்தார்கள். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் அங்கே மோதினார்கள். 1830 வாக்கில் அதே ஊரில் ஓர் ஆங்கிலேயர் இரும்பு உருக்காலை கூட வைத்துப் பார்த்தார். வணிகரும் படையும் நூற்றாண்டுக் கணக்கில் தங்கிய கரையில், இன்று ஒரு பள்ளி ஆசிரியர் தன் குடும்பத்தோடு ஓர் இரவு தங்க வழி தேட வேண்டியிருக்கிறது.

காரணங்கள் வெளிப்படையானவை. 2004 டிசம்பர் 26 காலை வந்த சுனாமி அலை தேவனாம்பட்டினத்தையும் சோனாங்குப்பத்தையும் சிங்காரத்தோப்பையும் புதுக்குப்பத்தையும் சிதைத்தது. பிச்சாவரம் முகத்துவாரத்தில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு ஊராகவே இல்லாமல் போய், மிஞ்சியவர்கள் உட்புறமாகக் குடிபெயர்ந்தார்கள். ஏழு ஆண்டு கழித்து, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2015 நவம்பர் வெள்ளம் அடுத்தது. இப்படி அடிமேல் அடி வாங்கிய கரையில் பணம் போட்டு விடுதி கட்ட யாருக்கும் மனம் வராது. போதாததற்கு, கரையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்று கடலோர ஒழுங்குமுறை மண்டலச் சட்டம் சொல்கிறது. அது சரியான சட்டம்தான். குடிகாடு பக்கத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. எண்பதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. ரசாயன ஆலைகளிலிருந்து இரவில் வரும் நாற்றத்தைப் பற்றிச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வருடக்கணக்காகப் புகார் சொல்லி வருகிறார்கள். அங்கே வாடகைக்கு அறை தேடுகிறவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். சுற்றுலா வருகிறவர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

வடக்கே 22 கிலோமீட்டரில் புதுச்சேரி. கடல் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோரை அது இழுத்துக்கொள்கிறது, வார இறுதியில் அறை வாடகையையும் ஏற்றிவிடுகிறது. அங்கேயும் குடும்பங்களுக்கென்று நல்ல இடம் உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அரவிந்தர் ஆசிரமம் நடத்தும் பார்க் கெஸ்ட் ஹவுஸ், சீசைடு கெஸ்ட் ஹவுஸ் இரண்டும் கடலோரத்தில் இருப்பவை. மது கிடையாது, புகை கிடையாது, இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் வாசற்கதவைச் சாத்திவிடுவார்கள். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அங்கே அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பல நாள் முன்பே எழுதிவைக்க வேண்டும். கிடைக்காதவர்கள் கடலூரில் அறை எடுத்துக்கொண்டு காலையில் பஸ் ஏறிப் புதுச்சேரியைப் பார்த்துவிட்டு இரவு திரும்பலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கவே வேண்டாம், ஒன்று போனால் அடுத்தது நிற்கும்.

ஊரில் தங்கிக் கடலுக்குப் போய் வருவது என்பதுதான் இந்த வட்டாரத்துக்குப் பொருந்துகிற வழி. உலகத்தில் இதை வேறு பல இடங்களிலும் செய்கிறார்கள். இத்தாலியில் லிகூரியாக் கரையில் சின்க்வே தெர்ரே என்று ஐந்து சின்ன ஊர்கள் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மொந்தேரோசோ, வெர்னாட்சா, கார்னிலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே. 1997ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன, 1999ல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. அதன்பிறகு கோடையில், குறிப்பாக ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய விடுமுறையில், அந்த ஊர்களுக்குள் அறை எடுப்பது சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. விவரம் தெரிந்தவர்கள் தெற்கே லா ஸ்பேசியாவிலோ வடக்கே லெவந்தோவிலோ சமையலறையோடு கூடிய வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுப்பார்கள். ஒரே ரயில் பாதை ஐந்து ஊரையும் கோத்துக்கொண்டு போகிறது. ஒருநாள் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு இரவு ஊர் திரும்பிச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள்.

நம்மிடமும் அப்படி ஒரு பாதை இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர், கடலூர் முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் நின்று நின்று போகும். கடலை ஒட்டி ஓடாவிட்டாலும் கடலுக்கு இணையாக ஓடுகிறது. குறை என்னவென்றால், வண்டிகள் நாளைக்குச் சிலதான். நிலையத்தில் இறங்கிய பிறகு கடற்கரைக்கு ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பார்க்க வேண்டும். நேரத்தைப் பார்த்துத் திட்டமிட்டால் குழந்தைகளுக்கு ரயில் பயணமும் ஆயிற்று, பெரியவர்களுக்குச் செலவும் மிச்சம்.

ஆகவே சிதம்பரம். தங்குவதற்கு இந்த வட்டாரத்தில் முதலில் பார்க்க வேண்டிய ஊர் அதுதான். பேருந்து நிலையத்தைச் சுற்றியும், ரயில் நிலையம் போகும் வழியிலும், நான்கு தேர் வீதிகளிலும் லாட்ஜுகள் இருக்கின்றன. கோயிலுக்கு வருகிறவர்களையும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களையும் நம்பி வளர்ந்தவை. 1929ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோர், தேர்வு எழுத வந்த தொலைநிலை மாணவர்கள் என்று தலைமுறை தலைமுறையாக இங்கே அறை எடுத்திருக்கிறார்கள். அதனால் ஆடம்பரமில்லாத, கணக்குப் பார்க்கிற குடும்பத்துக்கு ஏற்ற அறைகள் இந்த ஊரில் பழக்கமானவை.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. பழனி, ராமேசுவரம், ஸ்ரீரங்கம் போன்ற ஊர்களில் அறநிலையத் துறையின் கீழ் இருக்கும் கோயில்கள் தாமே விடுதிகள் நடத்துகின்றன. குறைந்த வாடகை, பெரிய அறை, இணையத்தில் முன்பதிவு. நடராசர் கோயிலின் நிர்வாகம் பொது தீட்சிதர்களிடம் இருக்கிறது, 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகவே அப்படிப்பட்ட தேவஸ்தான விடுதி வரிசை சிதம்பரத்தில் வளரவில்லை. தனியார் லாட்ஜுகளும் சமூக மடங்களும்தான் அந்த இடத்தை நிரப்புகின்றன. மடங்களில் இடம் கேட்க அந்தச் சமூகத்தில் தெரிந்தவர் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாடிப்படி ஏற முடியாத அம்மா, கல்யாணமாகாத தங்கை. ஆறு பேர். இவர்கள் போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதாக இருக்க வேண்டியதில்லை. "செக்-அவுட் எப்படி, பன்னிரண்டு மணியா, இருபத்துநாலு மணி நேரமா?" என்று கேட்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு ரயிலில் வந்து இறங்கும் குடும்பம், பகல் பன்னிரண்டுக்குக் காலி செய்ய வேண்டிய லாட்ஜில் நுழைந்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒருநாள் வாடகை போய்விடும். தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களில் இருபத்துநாலு மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜுகள் இன்னும் நிறைய உண்டு. நுழைந்த நேரத்திலிருந்து அடுத்த நாள் அதே நேரம் வரை அறை உங்களுடையது. இணையத்தில் அறைகளைக் காட்டும் செயலிகள் பெரும்பாலும் பகல் செக்-இன் கணக்கையே சொல்லும். நேரடியாகப் போன் செய்து கேட்கும்போது பதில் மாறுவதுண்டு.

இரண்டாவது, டபுள் ரூம் மூன்று எடுப்பதா, ஃபோர் பெட் ரூம் ஒன்றும் டபுள் ஒன்றும் எடுப்பதா என்பது. பழைய லாட்ஜுகளில் மூன்று பேர், நாலு பேர் அறைகள் உண்டு, ஆனால் அவை செயலியில் ஏறியிருக்காது. எக்ஸ்ட்ரா பெட் என்றால் சில இடத்தில் கட்டில், சில இடத்தில் தரையில் ஒரு மெத்தை, இன்னும் சில இடத்தில் பாயும் தலையணையும். விலை மட்டும் அதற்கேற்ப இறங்காது. அம்மாவுக்காகத் தரைத்தளம் அல்லது லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், காலையில் வெந்நீர் வரும் நேரம் மூன்றையும் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். கடலோர ஊர்களில் குழாய்த் தண்ணீர் கரிக்கும், குடிக்க கேன் தண்ணீர்தான். கீழ்த்தளத்தில் சைவ ஓட்டல் இருக்கிற லாட்ஜ் பெரும்பாலும் குடும்பங்கள் வந்து போகிற இடமாக இருக்கும். பார் இணைந்த இடங்களைப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. வாய்வழிச் செய்தியாக எத்தனையோ குடும்பங்கள் இந்த அடையாளத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றன.

பில்லில் வரி எவ்வளவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் நாளுக்கு 1,000 ரூபாய்க்கு மேற்படாத அறைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் 12 விழுக்காடு விதித்தார்கள். ஏழைக் குடும்பம் எடுக்கிற அறைக்குப் போய் வரி போட்டது நியாயமில்லை என்று அன்றே பலர் சொன்னார்கள், அது சரியான பேச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 5 விழுக்காடு என்று குறைந்திருக்கிறது. பழைய விகிதத்தில் யாராவது பில் போட்டால் நின்று கேட்கலாம்.

எப்போது வருவது என்பதில்தான் பாதிச் சிக்கனம் இருக்கிறது. ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் இரண்டுக்கும் சிதம்பரத்தில் அறை கிடைப்பது கடினம். மகா சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடக்கும் நாட்டியாஞ்சலிக்கு ஊர் ஊராக நடனக் குழுக்கள் பெற்றோர், குரு, பக்கவாத்தியக்காரர் சகிதம் வந்து இறங்கும். தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்க வரும் கூட்டம் கடலூர், நெய்வேலி வரை பரவும். முகூர்த்த நாளா என்று நாட்காட்டியில் பார்ப்பதும் அவசியம். கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் முகூர்த்த நாட்களில் அடுத்தடுத்துக் கல்யாணங்கள் நடக்கும், மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் கடலூர் லாட்ஜுகளைப் பிடித்துவிடுவார்கள்.

அதே திருவந்திபுரம் பெரிய குடும்பங்களுக்கு வேறொரு வழியையும் காட்டுகிறது. பேரப்பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து என்று இருபது முப்பது பேராகச் சேர்ந்து வருகிறவர்கள், முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்துச் சின்ன மண்டபம் ஒன்றைப் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று அறை, ஒரு கூடம், சமையற்கட்டு. பெரியவர்களுக்கு அறை, மற்றவர்களுக்குக் கூடத்தில் ஜமுக்காளம். பாத்திரமும் அடுப்பும் அங்கேயே. தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் எந்த லாட்ஜும் அந்த வாடகைக்குக் கிட்டே வராது. மறுநாள் எல்லோருமாக வேன் பிடித்து வெள்ளிக் கடற்கரை போகலாம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் என்றாலே பிச்சாவரத்தில் படகை நிறுத்திவிடுவார்கள். பொங்கலுக்குப் பிறகு வரும் வாரங்களும் பிப்ரவரியும்தான் இந்தக் கரையின் நல்ல நாட்கள். வெயில் தாழ்ந்திருக்கும், கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். பள்ளி விடுமுறையில்தான் வர முடியும் என்பவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தை நினைவில் வைக்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் சின்னப் படகுகள் கொண்டுவரும் மீன்தான், விலையும் கூடத்தான் இருக்கும். மீன் சாப்பிடவே கடலோரம் வருகிற குடும்பம் மே மாதம் வந்துவிட்டு ஓட்டலில் விலையைப் பார்த்து முகம் சுளிப்பதில் பயனில்லை. அதற்குப் பதில் பண்ருட்டிப் பலா அப்போதுதான் குவிந்து கிடக்கும். சைவம் என்றால் கவலையே இல்லை, சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் சிதம்பரத்தின் சொத்து.

சிதம்பரத்தில் தங்குகிற குடும்பத்துக்கு நாள் இப்படி ஓடும். விடியற்காலை கோயில், நடை சாத்தும் நண்பகலுக்கு முன்பே வெளியே வந்துவிடலாம். பிச்சாவரம் மறுநாளைக்கு. ஊரிலிருந்து 15 கிலோமீட்டர் சொச்சம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் துடுப்புப் படகும் மோட்டார் படகும் கிடைக்கும். குடும்பத்துக்குத் துடுப்புப் படகே ஏற்றது. சுரபுன்னை வேர்கள் தலைக்கு மேல் கூரை போட்டிருக்கும் குறுகலான வாய்க்காலுக்குள் அதுதான் நுழையும், சத்தமில்லாமல் போவதால் பறவைகளும் பறந்துவிடாது. கோயிலின் தலமரமான தில்லை இங்கே காடாக வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளை இலை பறிக்க விடக்கூடாது. காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயிலும் வரிசையும் சேர்ந்து ஏறும்.

இன்னொரு மாலை பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேரும் முகத்துவாரம், தர்காக்கள், அல்வாக் கடைகள், பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம். அமைதியான ஊர், மனிதர்கள் நின்று பேசுவார்கள். சாமியார்பேட்டைக் கடற்கரை அகலமானது, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேரும். இந்தக் கரையில் எங்கேயும் பிள்ளைகளை இடுப்பளவுத் தண்ணீருக்குள் விட வேண்டாம். அடியிழுப்பு பார்வைக்குத் தெரியாது.

இப்படியெல்லாம் சமாளிக்கலாம். ஆனால் கடலோரத்திலேயே ஒரு குடும்பம் தங்க முடியாதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இந்த மண்ணுக்கு வழிப்போக்கரைத் தங்கவைப்பது தெரியாததல்ல. தெற்கே தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேசுவரச் சாலையில் சத்திரம் சத்திரமாகக் கட்டிவைத்தார்கள். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அந்தச் சத்திரங்களில் சாதி மத வேறுபாடின்றிச் சோறு போட்டதையும், வழியில் நோய்ப்பட்டவருக்கு மருத்துவம் பார்த்ததையும், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை வைத்துக் கவனித்ததையும் இரண்டாம் சரபோஜி 1801ல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். இந்தச் செலவை நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டு எழுதிய கடிதம் அது. இதே கடலூர் மாவட்டத்தில், வடலூரில், வள்ளலார் 1867ல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் சோறு பொங்குகிறது. விருந்தோம்பல் இங்கே ரத்தத்தில் இருக்கிறது. அதைக் கரையோர மக்களின் வருமானமாக மாற்றும் ஏற்பாடுதான் வரவில்லை.

சட்டம் குறுக்கே நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். புது ரிசார்ட் கட்டுவதற்குத்தான் அது குறுக்கே நிற்கிறது. 2019ம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைக்கலாம் என்று தெளிவாக அனுமதிக்கிறது. இருக்கிற வீட்டின் அடித்தளப் பரப்பையும் அமைப்பையும் முகப்பையும் மாற்றக்கூடாது என்பதுதான் நிபந்தனை. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டமும் இதற்குப் பொருந்தியே வருகிறது. ஒன்றிலிருந்து ஆறு அறை வரை, வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவும் தேவையில்லை.

நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் உள்ள வேளாஸ் கிராமத்தைப் பார்க்கலாம். பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை அது. ஒரு தொண்டு நிறுவனம் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு முட்டைகளைப் பாதுகாத்தது. குஞ்சுகள் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க வெளியூர்க் குடும்பங்கள் வரத் தொடங்கின. அந்த ஊரில் ஓட்டலே இல்லை. வீட்டுக் கூடத்தில் பாய் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று வைத்து, வீட்டுச் சாப்பாடு போட்டு ஊர்க்காரர்களே தங்கவைத்தார்கள். முட்டையைத் தோண்டி எடுத்து விற்ற காலம் போய், ஆமை வந்தால் வீட்டுக்கு வருமானம் என்ற நிலை வந்தது. அதே பங்குனி ஆமைகள் கடலூர்க் கரைக்கும் தை, மாசியில் வருகின்றன. கேரளத்தில் கொச்சிக்குப் பக்கத்தில் உள்ள கும்பளங்கி இன்னொரு சான்று. காயலும் சீனவலையும் சூழ்ந்த மீனவத் தீவு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக அறிவிக்கப்பட்டு, வீடுகளில் விருந்தினர் தங்க ஆரம்பித்தார்கள்.

வெளிநாட்டிலும் ஒரு சான்று உண்டு. இத்தாலியின் வடகிழக்கே ஃப்ரியூலியில் 1976ல் பெரிய நிலநடுக்கம். ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள். வீடுகளை மறுபடி கட்டினார்கள், ஆனால் ஊரைவிட்டுப் போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. பூட்டிக் கிடந்த வீடுகளை என்ன செய்வது என்று யோசித்தபோது பிறந்ததுதான் ஆல்பெர்கோ திஃப்பூசோ என்ற ஏற்பாடு. ஊரில் ஆங்காங்கே இருக்கிற வீடுகள்தான் அறைகள். வரவேற்பும் சாப்பாடும் மட்டும் ஓரிடத்தில். தனிக் கட்டடம் எதுவும் எழவில்லை. இன்று இத்தாலி முழுக்க அது பரவியிருக்கிறது. பேரிடர் கண்ட கரைக்கு அந்த அனுபவம் ரொம்பப் பக்கத்தில் இருப்பது.

சாமியார்பேட்டையிலோ பரங்கிப்பேட்டையிலோ கிள்ளையிலோ பத்து வீடுகள் இப்படித் தொடங்கினால் போதும். ஒரு வீட்டுக்கு ஓர் அறை. சுத்தமான கழிப்பறை, கொசுவலை, இன்வெர்ட்டர், கேன் தண்ணீர். சாப்பாட்டுக்குத் தலைக்கு ஒரே விலை, எல்லா வீட்டிலும் அதே விலை. வரவேற்பையும் முன்பதிவையும் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று கவனிக்கலாம். கழிப்பறையைச் சீர்செய்யக் குழுக் கடன் கிடைக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் விருந்தினரை எந்த வழியில், எந்தப் பாதுகாப்பு மையத்துக்குக் கூட்டிப்போவது என்பது குப்பத்துக்காரர்களுக்கு அத்துப்படி. சுனாமியையும் தானேவையும் கடந்து வந்தவர்கள் அவர்கள்.

வெளியிலிருந்து பெருமுதலாளி வந்து மதில் எழுப்பினால் வலை காயப்போடும் மணலும் படகு இழுத்து விடும் வழியும் பறிபோகும். அது எந்தக் காரணத்துக்காகவும் நடக்கக்கூடாது. வீட்டுக்காரர் கையிலேயே அறையும் அடுப்பும் இருக்கும்வரை அந்தப் பயம் இல்லை, வாடகையும் ஒரு பள்ளி ஆசிரியரின் குடும்பத்துக்கு எட்டுகிற அளவிலேயே நிற்கும். கரையோரப் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இந்தக் கோரிக்கையை மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். விருப்பமுள்ள வீடுகளின் பட்டியலோடு கொடுத்தால், மழை முடிந்து தை பிறக்கும்போது முதல் விருந்தினரை அழைக்க நேரம் இருக்கும்.